புதுப் பயிற்றுவிப்பாளருக்கு ஒரு பருவம் போதாது

சிங்கப்பூரில் தேசியக் காற்பந்துப் பயிற்றுவிப்பாளர் பதவி, உட்கார்ந்த மறுநிமிடமே சுடத் தொடங்கும் நாற்காலி. 2012ஆம் ஆண்டு இறுதியில் ராடோய்கோ அவ்ராமோவிச் அதிலிருந்து எழுந்து போனார். அதன்பிறகு பெர்ன்ட் ஸ்டாங்க, சுந்தரமூர்த்தி, ஃபாண்டி அகமது, தட்சுமா யொஷிடா, தகாயுகி நிஷிகாயா, சுட்டோமு ஒகுரா என்று வரிசையாக வந்தார்கள், போனார்கள். ஒருவர் ஜெர்மானியர், மூவர் ஜப்பானியர், இருவர் நம்மவர். யாரும் நான்கு ஆண்டு முழுதாக நிலைக்கவில்லை. இப்போது அதே நாற்காலியில் கேவின் லீ.

2025 ஜூன் மாதம் ஒகுரா சொந்தக் காரணங்களுக்காக விலகியபோது, அவருக்குத் துணையாக இருந்த லீ தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். அப்போது அவரிடம் யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. அணி 2027 ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இருந்தது. குழுவில் ஹாங்காங், இந்தியா, வங்கதேசம் ஆகியவை இருந்தன. குழுவில் முதலிடம் பிடித்தால் மட்டுமே சவூதி அரேபியாவுக்குப் பயணம். நவம்பர் 18ஆம் தேதி, ஏறத்தாழ 50,000 பேர் அமரக்கூடிய ஹாங்காங்கின் கை டாக் அரங்கில் சிங்கப்பூர் முதல் பாதியிலேயே ஒரு கோல் பின்தங்கியது. 64ஆம் நிமிடத்தில் ஷாவால் அனுவார், 68ஆம் நிமிடத்தில் இல்ஹான் ஃபாண்டி. நான்கே நிமிடத்தில் ஆட்டம் தலைகீழானது. 2-1 என்ற வெற்றியோடு, கடைசி ஆட்டம் மீதமிருக்கும்போதே சிங்கப்பூர் தகுதி பெற்றுவிட்டது. ஆசியக் கிண்ணத்தில் நாம் இதற்குமுன் ஆடியது ஒரே முறை, 1984இல். அதுவும் போட்டியை நாமே ஏற்று நடத்தியதால் கிடைத்த இடம். ஆடி ஜெயித்து உள்ளே போவது இதுதான் முதல் தடவை.

அந்த வாரமே லீயின் பதவி நிரந்தரமானது. 35 வயது. அணித்தலைவர் ஹரிஸ் ஹருணுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

வாழ்த்து மழை ஓயட்டும். இந்தப் பருவத்தில் அவர்முன் இரண்டு பெரிய கட்டங்கள் இருக்கின்றன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணம், அதைத் தொடர்ந்து 2027 ஜனவரி 7ஆம் தேதி தொடங்கும் ஆசியக் கிண்ணம். முதலாவதில் சறுக்கினால், இரண்டாவதற்கு முன்பே ‘ஆளை மாற்று’ என்ற குரல் கிளம்பும். பழக்கம் அப்படி. அந்தக் குரலுக்கு இந்த முறை காது கொடுக்கக் கூடாது என்பதே என் கட்சி. லீ தவறே செய்யமாட்டார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவரிடம் கேட்க வேண்டிய கணக்கு வேறு, நம்மிடமே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கணக்கு வேறு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதி அவர் தலையில் கட்டுகிற வேலையைத்தான் பல ஆண்டாகச் செய்துவருகிறோம்.

வீட்டில் எலி, வெளியில் புலி

முதலில் அணியைப் பார்ப்போம். தகுதி உறுதியாகும்வரை ஆடிய ஐந்து ஆட்டங்களை வரிசையாக வைத்தால் ஒரு விசித்திரம் தெரியும். 2025 மார்ச்சில் சொந்தத் திடலில் ஹாங்காங்குடன் 0-0. ஜூனில் டாக்காவில் வங்கதேசத்தை 2-1 என வென்றோம். அந்த இரண்டும் ஒகுராவின் காலம். அக்டோபர் 9ஆம் தேதி கல்லாங்கில் இந்தியாவுடன் 1-1. ஐந்து நாள் கழித்து கோவாவின் ஃபட்டோர்டாவில் அதே இந்தியாவை 2-1 என வென்றோம். அப்புறம் ஹாங்காங்கில் 2-1. வெளியில் ஆடிய மூன்றிலும் வெற்றி, வீட்டில் ஆடிய இரண்டிலும் சமநிலை. வீட்டில் எலி, வெளியில் புலி என்ற பழமொழியைப் பயிற்சித் திட்டமாகவே எழுதிவைத்தது போல.

கல்லாங்கில் இந்தியாவுக்கு எதிராக நடந்ததைக் கூர்ந்து பார்த்தால் காரணம் பிடிபடும். முதல் பாதி முடிகிற நேரத்தில் இக்சான் ஃபாண்டி கோல் போட்டார். இரண்டாம் பாதி தொடங்கியதுமே இந்தியத் தற்காப்பின் தூணான சந்தேஷ் ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். கையில் ஒரு கோல், எதிரே பத்துப் பேர், ஏறக்குறைய நாற்பது நிமிடம் மீதம். ஆட்டத்தை அங்கேயே முடித்துக் கட்டியிருக்க வேண்டும். முடிக்கவில்லை. பந்து நம் கால்களிலேயே இருந்தது. பக்கவாட்டில் போனது, திரும்பியது, மறுபடி பக்கவாட்டில் போனது. 90ஆம் நிமிடத்தில் ரஹீம் அலி சமன்செய்தார். அன்று தேக்காவிலிருந்து கல்லாங் போனவர்களில், எந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வது என்று யோசித்த சிலராவது அந்த முடிவில் திருப்திப்பட்டிருப்பார்கள். சிங்கப்பூருக்கு அது வலிக்க வேண்டிய முடிவு.

கோவாவில் வேறு கதை. 14ஆம் நிமிடத்தில் சாங்தே போட்ட கோலால் இந்தியா முந்தியது. வீட்டு ரசிகர்களுக்காக அவர்கள் ஏறி ஆட, பின்னால் இடம் திறந்தது. அந்த இடத்தில்தான் சோங் உய்-யோங் இரண்டு முறை நுழைந்தார். இடைவேளைக்குச் சற்று முன் ஒன்று, பின் ஒன்று. ஹாங்காங்கிலும் கிட்டத்தட்ட அதே பாடம். எதிரணி நம்மை நோக்கி வரும்போது நாம் ஆபத்தானவர்கள். எதிரணி கூட்டமாகப் பின்னால் நின்றுகொண்டால் நமக்குக் கதவைத் திறக்கத் தெரியவில்லை.

இந்தப் பருவத்தின் முன்னோட்டத்தை இந்த ஒரு வேறுபாட்டிலேயே எழுதிவிடலாம். ஆசியக் கிண்ணத்தில் நாம் எலும்பும் தோலுமான சின்ன அணி. பெரிய அணிகள் நம்மீது ஏறித்தான் வரும். அது நம் ஆட்டத்துக்கு ஒத்துவரக்கூடும். ஆனால் தென்கிழக்காசியக் கிண்ணத்தில் சொந்தத் திடலில், நம்மைவிடச் சின்ன அணிகள் பத்துப் பேரைப் பின்னால் நிறுத்திக்கொண்டு ஆடும்போது வெல்ல வேண்டும். அங்கே தடுமாறினால் அதை லீயின் குறையாகத் தயங்காமல் எழுதலாம். ஏனென்றால் பந்தைக் காலில் வைத்துப் பொறுமையாகக் கட்டி எழுப்பும் ஆட்டம்தான் அவருடைய கைத்தொழில்.

அவர் எங்கிருந்து வந்தார்

கேவின் லீ பெரிய ஆட்டக்காரராகப் பெயர் எடுத்தவர் அல்லர். இளம் வயதிலேயே பயிற்றுவிப்பைத் தொழிலாக எடுத்துக்கொண்டவர். தெம்பனிஸ் ரோவர்ஸ் குழு 2019 பருவத்துக்கு அவரைத் தலைமைப் பயிற்றுவிப்பாளராக்கியபோது வயது 28. அந்த ஆண்டே சிங்கப்பூர்க் கிண்ணத்தை வென்றார். வாரியர்ஸ் குழுவுக்கு எதிரான அந்த இறுதியாட்டம் 4-3 என்று முடிந்தது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2021. ஆசிய வெற்றியாளர் லீக்கில் கொரியாவின் ஜியோன்புக், ஜப்பானின் கம்பா ஒசாக்கா, தாய்லாந்தின் சியாங்ராய் ஆகியவற்றோடு ஒரே குழுவில் விழுந்த தெம்பனிஸ், ஆறு ஆட்டங்களிலும் தோற்றது. சில தோல்விகள் எண்ணிப் பார்க்கவே கூசுபவை. பெரிய ஆசிய அணிகள் எவ்வளவு வேகமாகப் பந்தைப் பறிக்கும், ஒரு தவறுக்கு எத்தனை நொடியில் தண்டனை வரும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. திடலோரம் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டு கற்றார். தெம்பனிஸ் அதற்குப் பிறகும் அவரை வைத்துக்கொண்டது. இன்றைய தேசியப் பயிற்றுவிப்பாளர் உருவானதில் அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவகாசம் யாருக்குக் கிடைத்தது

உள்ளூர்க்காரர் இந்தப் பதவியில் அமர்வது புதிதல்ல. ‘அங்கிள் சூ’ என்று ஊரே அழைத்த சூ செங் குவீ, 1977இல் பினாங்கை 3-2 எனக் கூடுதல் நேரத்தில் தோற்கடித்து மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு ஆண்டு ஏக்கம் அன்று தீர்ந்தது. 1980இல் சிலாங்கூரை 2-1 என்று வென்ற அணிக்குப் பயிற்றுவிப்பாளர் ஜீத்தா சிங். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டித்தான். வெற்றி கோலை அடித்த ஃபாண்டி அகமதுவுக்கு 17. இளம் பயிற்றுவிப்பாளர் என்பதும் நமக்குப் புதிதல்ல.

பின்னாளில் கதை மாறியது. சுந்தரமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அவர் கால் பட்ட பந்துக்காகவே அரங்கு எழுந்து நின்றது. சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவுக்கு ஆடியவர். பயிற்றுவிப்பாளராக லயன்ஸ் ட்வெல்வ் அணியை 2013இல் மலேசியச் சூப்பர் லீக் வெற்றியாளராக்கியவர். அப்படிப்பட்டவருக்கு 2016இல் தேசிய அணி கிடைத்தபோது முதலில் நீட்டப்பட்டது ஓராண்டு ஒப்பந்தம். வேலை போகும் என்ற பயம் தலைக்குமேல் தொங்கும்போது எந்தப் பயிற்றுவிப்பாளரும் இளையவர்களை இறக்கிப் பரிசோதனை செய்யமாட்டார்; தோற்காமல் இருப்பதற்கே ஆடுவார். அணி பின்னுக்குச் சுருங்கியது. 2017 முழுக்க ஓராட்டத்திலும் வெற்றியில்லை. 2018 ஏப்ரலில் அவர் விலகினார். அவரிடம் தவறே இல்லை என்று வாதாட வரவில்லை. ஆட்டம் அழகாக இல்லை, முடிவும் இல்லை. ஆனால் விலகிய பிறகு எது மாறியது? ஆள் மாறினார். அணி உலகத் தரவரிசையில் 150க்கு அப்பாலேயே உழன்றது.

எதிர்ப்பக்கத்தில் அவ்ராமோவிச். செர்பியாவிலிருந்து 2003இல் வந்தார். 2004, 2007 ஆகிய இரு தென்கிழக்காசியக் கிண்ணங்களையும் வென்றார். இதை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது நடுவில் நடந்ததை. 2008இல் அரையிறுதியோடு வெளியேற்றம். 2010இல் குழுச் சுற்றிலேயே வெளியேற்றம். அன்றைய காற்பந்துச் சங்கம் அவரை அனுப்பவில்லை. 2012இல் மூன்றாவது கிண்ணம் வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை நமக்குக் கிண்ணம் இல்லை. 2010இல் பொறுமை இழந்திருந்தால் 2012 இல்லை. நம் காற்பந்து வரலாற்றில் இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து வேறு கிடையாது.

அவ்ராமோவிச்சுக்குக் காட்டிய பொறுமையை லீக்கும் காட்ட முடியுமா? வெளிநாட்டவர் தோற்றால் ‘இந்த ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்’ என்போம். நம்மவர் தோற்றால் ‘இவருக்கு என்ன தெரியும்’ என்போம். காப்பிக்கடைப் பேச்சு என்று இதை ஒதுக்க முடியாது. இந்த மனப்போக்கு ஒப்பந்தங்களிலும் ஏறிவிடுகிறது.

முப்பத்தைந்தைத் தாண்டும் முதுகெலும்பு

லீயின் உண்மையான தலைவலி ஜூலையில் இல்லை, பிறந்த தேதிகளில் இருக்கிறது. கோல் காவலர் இஸ்வான் மஹ்புத் 1990இல் பிறந்தவர். 2015இல் சைத்தாமாவில் ஜப்பானை 0-0 என்று நிறுத்திய அதே இஸ்வான். ஹரிஸ் ஹருணும் 1990. தற்காப்பில் சஃபுவான் பஹாருதீன், தாக்குதலில் ஷாவால், இருவரும் 1991. சவூதியில் ஆட்டம் தொடங்கும் நாளில் இவர்கள் எல்லாரும் முப்பத்தைந்திலோ முப்பத்தாறிலோ இருப்பார்கள். அனுபவம் சோறு போடும், சரி. பதினொரு நாளில் மூன்று ஆட்டம் ஓட வைக்குமா?

கீழே வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் மனம் தைரியப்படவில்லை. தென்கிழக்காசிய விளையாட்டுகளில் இளையர் அணி கடைசியாகப் பதக்கம் வாங்கியது 2013இல், வெண்கலம். 2015இல் சொந்த மண்ணில் போட்டி நடந்தபோதுகூடக் குழுச் சுற்றைத் தாண்டவில்லை. 2023இல் நோம்பென்னில் மலேசியாவிடம் 0-7. அந்த அணியில் ஆடியவர்கள்தான் இன்று இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதில் தேசிய அணிக் கதவைத் தட்ட வேண்டியவர்கள்.

இடைவெளியை அடைக்கக் குடியுரிமை ஒரு வழி. இஞ்சியோனில் பிறந்து பதின்ம வயதின் இறுதியில் இங்கு வந்த சோங் உய்-யோங் 2021இல் சிங்கப்பூரரானார். ஜப்பானில் பிறந்த கியோகா நகமுரா 2025இல். இருவரும் இங்கேயே ஆண்டுக்கணக்கில் லீக் ஆடி, இங்கேயே வாழ்ந்து, பிறகு சட்டை மாட்டியவர்கள். அந்த வழி கௌரவமானது. பக்கத்துவீட்டில் நடந்தது வேறு. மலேசிய அணிக்கு ஆடிய, வெளிநாட்டில் பிறந்த எழுவரின் வம்சாவளி ஆவணங்கள் போலியானவை என்று 2025 செப்டம்பரில் ஃபிஃபா நடவடிக்கை எடுத்தது. குறுக்குவழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜோகூர்ப் பாலத்தின் மறுபக்கம் பார்த்தாலே போதும்.

ஆகவே ஆசியக் கிண்ணத்துக்கு முன் வரும் ஒவ்வொரு நட்புமுறை ஆட்டமும் லீக்கு இரட்டைச் சோதனை. மூத்தவர்களை வைத்து முடிவைக் காப்பாற்றுவதா, இருபதுகளில் இருப்பவர்களை இறக்கி அடி வாங்கவிட்டுப் பழக்குவதா? பதவி உறுதியில்லாதவர் முதலாவதைத்தான் செய்வார். இரண்டாவதைச் செய்யும் தைரியத்தை அவருக்குக் கொடுக்கக்கூடியது சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம் மட்டுமே. 2025 ஏப்ரலில் சங்கத்தின் தலைவரான ஃபாரஸ்ட் லீ, நீண்டநாள் முதலீட்டின் அருமை அறிந்த தொழிலதிபர். அவருடைய லயன் சிட்டி செய்லர்ஸ் குழு அந்த மே மாதம் பீஷானில் ஆசிய வெற்றியாளர் லீக்கின் இரண்டாம் நிலைப் போட்டியில் இறுதிவரை வந்து, கடைசி நொடிகளில் ஷார்ஜாவிடம் 1-2 எனத் தோற்றது. ஐந்து ஆண்டு பணம் போட்டபின் கிடைத்த பலன் அது. தன் குழுவுக்குக் கொடுத்த காலத்தை அவர் நாட்டின் அணிக்கும் கொடுக்க வேண்டும்.

என்ன கேட்கலாம்

பொறுமை என்றால் கேள்வியே கேட்காதிருப்பது என்று அர்த்தமில்லை. மூன்று கேள்விகள் நியாயமானவை.

ஒன்று, சொந்தத் திடலில் பின்வாங்கி நிற்கும் அணியை உடைக்கத் தெரிந்துவிட்டதா? ஜூலையில் இதற்கு விடை கிடைக்கும். கிண்ணம் கேட்க வேண்டாம். நடப்பு வெற்றியாளர் வியட்னாம், நெதர்லாந்தில் பிறந்த ஆட்டக்காரர்களால் வலுப்பெற்ற இந்தோனீசியா, எப்போதும் வலுவான தாய்லாந்து எல்லாம் நம்மைவிட ஒரு படி மேலே இருக்கின்றன. தாய்லாந்துக் குழுக்களில் ஆடும் ஃபாண்டி சகோதரர்களை அந்தக் குழுக்கள் முழுப் போட்டிக்கும் விடுவிக்குமா என்பதும் ஒரு பிரச்சினை. கடந்த முறை ஒகுராவின் அணி அரையிறுதிவரை போய் வியட்னாமிடம் நின்றது. அந்த இடத்தைத் தக்கவைத்தாலே பருவம் தோல்வியல்ல.

இரண்டு, ஜனவரிக்குள் இருபத்துநான்கு வயதுக்குக் கீழே உள்ள எத்தனை பேர் உண்மையான சர்வதேச ஆட்டத்தில் முழு நேரம் ஓடியிருக்கிறார்கள்? கடைசி ஐந்து நிமிடத்துக்கு மாற்றாக வந்து போவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மூன்று, சவூதியில் ஒரு வெற்றி. பேராசையாகத் தோன்றலாம், இல்லை. ஆசியக் கிண்ணத்தில் இப்போது 24 அணிகள், ஆறு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதலிரு அணிகளோடு, மூன்றாமிடம் பெற்றவற்றில் சிறந்த நான்கும் அடுத்த சுற்றுக்குப் போகும். 2019இல் வியட்னாம் மூன்றே புள்ளியோடு, மஞ்சள் அட்டைகள் குறைவு என்ற ஒரே காரணத்தால் தப்பித்து, அப்புறம் ஜோர்தானை வீழ்த்திக் காலிறுதிக்கே போய்விட்டது. கடந்த ஆசியக் கிண்ணத்தில் இந்தோனீசியாவும் மூன்று புள்ளியில் உள்ளே போனது. ஆக, ஒரே ஒரு வெற்றி, இரண்டு தோல்வியைச் சின்னதாக வைத்துக்கொள்ளும் ஒழுங்கு, அவசியமில்லாத அட்டைகளைத் தவிர்க்கும் நிதானம். 1984இலேயே இந்தியாவை 2-0 என வென்று ஈரானோடு 1-1 எனச் சமன்செய்தவர்கள் நாம். வானத்தைக் கேட்கவில்லை.

தேக்காவின் பங்கு

இதுவரை பயிற்றுவிப்பாளரின் கணக்கு. இனி நம் கணக்கு.

முஸ்தஃபா கடையிலிருந்து கிச்சனர் சாலை வழியாக நடந்தால் சற்று நேரத்தில் டிர்விட் சாலை. அங்கே ஜாலான் புசார் விளையாட்டரங்கம், 1929இல் திறக்கப்பட்டது. இந்த நாட்டுக் காற்பந்தின் பிறந்தவீடு. சிராங்கூன் சாலையின் மறுபக்கம் ஃபேரர் பார்க். குதிரைப் பந்தயத் திடலாகத் தொடங்கி, 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனபின் பொது விளையாட்டுத் திடலானது. சூ செங் குவீ பையன்களைச் சேர்த்துப் பழக்கியது அங்கேதான். இந்த இரண்டு புல்தரைகளுக்கும் நடுவில் குட்டி இந்தியா. எனவே தேசிய அணியில் நம் சமூகத்தாரின் பெயர்கள் இருந்தது தற்செயல் அல்ல. 1977 அணியின் தற்காப்பைத் தாங்கியவர் சமது அல்லாபிச்சை. வளைந்து திரும்பும் தன் உதைகளால் காவலர்களைத் திகைக்க வைத்தவர் எஸ். ராஜகோபால். அன்று காற்பந்துச் சங்கத்தின் தலைவர் வழக்கறிஞர் என். கணேசன். மலேசியக் கிண்ண ஆட்டங்களை ஜாலான் புசாரிலிருந்து புதிய தேசிய விளையாட்டரங்கத்துக்குத் துணிந்து மாற்றியவர். ‘கல்லாங் முழக்கம்’ என்று ஊர் இன்றும் பெருமைப்படுவது அந்த முடிவில் பிறந்தது. 1998இல் ஹனோயில் வியட்னாமை வீழ்த்தி முதல் தென்கிழக்காசியக் கிண்ணத்தைக் கொடுத்த ஒற்றை கோல் ஆர். சசிகுமாருடையது; பந்து அவர் உடம்பில் பட்டுத்தான் உள்ளே போனது, அதனால் என்ன? அடுத்து வந்த கிண்ணங்களில் தற்காப்பின் ஓரத்தைக் காத்தவர் எஸ். சுப்பிரமணி, நூறு ஆட்டம் தாண்டியவர்.

இன்றைய அணிப் பட்டியலில் அப்படி ஒரு பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இதைப் புறக்கணிப்பு என்று புகார் எழுதுவது சுலபம். அது உண்மையும் அல்ல. பிள்ளைகள் திடலுக்கே வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு பாதி பதிலை வீவக கட்டடங்களின் கீழ்த்தளத்தில் பார்க்கலாம். தூணில் ஒரு வட்டப் பலகை, உள்ளே பந்து, பந்தின் குறுக்கே சிவப்புக் கோடு. கீழே அபராதத் தொகை. பலகைக்கு நேர் கீழே சுவரில் காய்ந்த சேற்றுத் தடங்கள், பந்து பட்ட இடம். 2016இல் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பையன்கள் விளையாடாமல் இருக்க இரும்புத் தடுப்புகளையே நட்டுவிட்டார்கள். குடியிருப்பவர்களுக்கும் அமைதி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பத்து வயதில் கீழ்த்தளத்தில் திட்டு வாங்கி ஆடிய பையன்தான் இருபதில் கல்லாங்கில் கைத்தட்டு வாங்குகிறான். காற்பந்து முதலில் கற்றுக்கொள்ளப்படுவது பயிற்சிக் கூடத்தில் அல்ல. ஃபேரர் பார்க் திடல்களில் சுமார் 1,600 வீடுகள் வருவதாக 2021இல் அறிவிக்கப்பட்டது. பழைய குத்துச்சண்டைக் கூடமும் ஒரு விளையாட்டுத் திடலும் புதிய குடியிருப்புக்குள் இடம்பெறும் என்றும் சொல்லப்பட்டது. வீடு வேண்டும், இளம் தம்பதிகள் வரிசையில் நிற்கிறார்கள். அந்தத் திடல், முன்பதிவும் கட்டணமும் இல்லாமல் எந்தப் பையனும் பந்தோடு நுழையக்கூடிய இடமாக இருக்குமா என்பதை அங்கே குடிபோகிறவர்கள் இப்போதே கேட்க வேண்டும்.

மறுபாதி பதில் நம் வீட்டுக்குள் இருக்கிறது. தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு நெருங்க நெருங்க முதலில் வெட்டப்படுவது சனிக்கிழமைக் காற்பந்து. அந்த இடத்தில் கணிதத் துணைப்பாட வகுப்பு. ‘பந்து சோறு போடுமா?’ என்ற கேள்வி நம் வீடுகளில் செல்லாக்காசாக இன்னும் ஆகவில்லை. உள்ளூர் லீக்கில் ஒரு ஆட்டக்காரர் நெடுநாள் பெற்ற சம்பளத்தையும், பதினெட்டு வயதில் வரும் இரண்டாண்டுத் தேசிய சேவையையும் பார்த்தால், பெற்றோரின் அச்சத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் நிலைமை அன்று இருந்தபடி இல்லை. உயர்நிலைப் பள்ளிகளில் நேரடிச் சேர்க்கைக்குக் காற்பந்துத் திறனும் ஒரு வழி. 2034 உலகக் கிண்ணத்தை இலக்காக வைத்து 2021இல் தொடங்கிய ‘அன்லீஷ் த ரோர்’ திட்டம் பள்ளிகளுக்குள்ளேயே காற்பந்துக் கழகங்களை நடத்துகிறது. படிப்பை விடாமல் ஆடவும் வழி திறந்திருக்கிறது. அதிலே நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நம் சமூக அமைப்புகள் ஒருமுறையாவது விசாரித்ததுண்டா? சிண்டாவும் கோயில் நிர்வாகங்களும் நற்பணி மன்றங்களும் கல்வி உதவிக்குச் செலவிடும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைத் திடலுக்குத் திருப்பினால், பலன் தெரியப் பத்தாண்டு போதும்.

இலக்குகளைப் பெரிதாக அறிவிப்பது நமக்குக் கைவந்த கலை. 1998இல் ‘கோல் 2010’ என்றோம். 2010 உலகக் கிண்ணம் நம்மை விட்டுவிட்டு நடந்து முடிந்தது. அந்தத் தோல்வி எந்தப் பயிற்றுவிப்பாளரின் தோல்வியும் அல்ல. பத்து வயதுக்காரர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தால் இருபது வயதுக்காரர்களில் தேர்ந்தெடுக்க ஆள் இருக்கமாட்டார்கள் என்ற எளிய கணக்குதான். அதே கணக்கு 2034க்கும் பொருந்தும். அன்று ஆட வேண்டியவர்கள் இப்போது தொடக்கப் பள்ளியிலும் உயர்நிலையின் முதல் வகுப்புகளிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகவே 2027 பிப்ரவரியில் இரண்டு தனித்தனிக் கணக்குகளைத் திறப்போம். மேலே கேட்ட மூன்று கேள்விகளுக்கு லீ பதில் சொல்லட்டும். திடல், பள்ளி, லீக் சம்பளம் ஆகியவற்றுக்குச் சங்கமும் அரசும் பெற்றோரும் பதில் சொல்லட்டும். முதல் கணக்கில் மூன்றில் இரண்டு கேள்வியில் அவர் தேறினால், 2030 வரை பதவியை உறுதிசெய்து கையெழுத்திட வேண்டும். தேறாவிட்டாலும், இரண்டாவது கணக்கை முடிக்காமல் அவரை வீட்டுக்கு அனுப்பும் தகுதி நம் யாருக்கும் கிடையாது.